மடவை தின்றால் மீசை உதிருமா?

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளியில் யாராவது என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்லுங்கள். 'மீன்களின் இனப்பெருக்க ஆராய்ச்சி' என்று நான் முழுசாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்டவர் ஒரு மாதிரியாகச் சிரித்துவிட்டு, உடனே வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். என் கணவர் வீட்டார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சாத்தாங்காட்டில் இரும்பு வியாபாரம் செய்கிறவர்கள். என் மாமியார் இந்தச் சங்கடமே வேண்டாம் என்று 'மருமக மீன் டாக்டர்' என்று ஊரெல்லாம் சொல்லிவைத்துவிட்டார். விளைவு, கல்யாணமான புதிதில் அந்தத் தெருவில் கண்ணாடித் தொட்டி வைத்திருந்தவர்கள் எல்லாரும் சீக்கு வந்த தங்கமீனைத் தண்ணீர்ப் பையில் போட்டு என்னிடம் எடுத்து வந்தார்கள். ஒன்றைக்கூட நான் பிழைக்கவைத்ததில்லை.

மீனை அறுப்பது, திசுவைச் சீவுவது, சாயம் ஏற்றுவது எல்லாம் உங்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு கூடம் நிறைய ஜனம் உட்கார்ந்துகொண்டு, உங்கள் எதிரில் ஒரு தட்டு மீன் வறுவலை வைத்து, கேமராவையும் திருப்பிவைத்து, 'சாப்பிடுங்கள்' என்று சொன்னால் என்ன செய்வது என்பதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. எனக்கு அது நடந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது எண்ணூர் கழிமுகத்து மடவை மீனில் நாங்கள் வேலை செய்துகொண்டிருந்தோம். ஆறு கடலில் சேரும் அந்த இடத்தில் ஆலைக் கழிவும், சாம்பலும், சுடுதண்ணீரும் எல்லாம் வந்து கலக்கிறது. அதில் வாழும் மீன் ஒழுங்காக இனம் பெருக்குகிறதா என்பது எங்கள் கேள்வி. என்னோடு இருந்தவர் யூசுப். எனக்குச் சம வயது, என்னைவிடக் கண் கூர்மை, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஒருநாள் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்காமலே என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்தேன். ஆண் மடவையின் விந்தகம். அதற்குள் அங்கங்கே உருண்டை உருண்டையாக முட்டைகள்.

ஆண் மீனுக்குள் முட்டை. சில கழிவுகள் தண்ணீரில் கலந்தால் மீனின் உடம்பில் பெண்மைச் சுரப்பு போலவே வேலை செய்யும், அப்போது இப்படி ஆகலாம் என்பது நமக்குத் தெரியும். ஆனால் மடவை என்பது சின்ன வயதில் தான் ஆணா பெண்ணா என்று முடிவெடுக்கவே நிறைய நேரம் எடுத்துக்கொள்ளும் மீன். நாங்கள் பார்த்தவை எண்ணிக்கையில் ரொம்பக் கொஞ்சம், அதிலும் பாதிக்கு மேல் இளசு. அழுக்கில்லாத இடத்து மீனோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. அதனால் இப்போதைக்கு இதை யாரிடமும் பேச வேண்டாம், ஒரு பருவம் முழுக்கப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். யூசுப்தான் அதை என்னிடம் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் மாதவரத்தில் அவருடைய சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் பிரியாணிக்குக் காத்திருந்த நேரத்தில் பக்கத்தில் இருந்த மச்சான் பேச்சுக் கொடுத்திருக்கிறார். பிரியாணி வர நேரமாகியிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது.

திங்கட்கிழமை காலை குரல் செய்தியாக அது வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. எண்ணூர் மடவையைத் தின்றால் ஆண்களுக்கு மீசை உதிரும், பெரிய பெரிய டாக்டர்களே கண்டுபிடித்துவிட்டார்கள், குடும்பத்தைக் காப்பாற்ற உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும். திருவொற்றியூர் தாண்டுவதற்குள் மீசையோடு தாடியும் சேர்ந்தது. ராயபுரம் வந்தபோது குரலும் மெலிந்துவிடும் என்றானது. வியாசர்பாடியில் அது குழந்தைப் பேறு வரைக்கும் போய்விட்டதாகக் கேள்வி. அன்று சாயங்காலம் என் கணவர் கடையை மூடிவிட்டு வந்து, கையைக்கூடக் கழுவாமல் என் எதிரில் உட்கார்ந்தார். அவருடைய மீசை எங்கள் குடும்பச் சொத்து மாதிரி, அதைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தோம் என்று என் அப்பா சொல்வார்.

"கடைல எல்லாரும் கேக்காவ. நெசமா?" என்றார்.

இல்லை என்றேன். அவர் தலையாட்டினார். ஆனாலும் அன்றைக்கு வைத்திருந்த மீன் குழம்பில் துண்டை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டார். சொந்த வீட்டிலேயே நிலைமை இது என்றால் வெளியில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வெளியில் கஸ்தூரி இருந்தாள். திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், அங்கே விற்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. அவள் வீட்டுக்காரரும் கொழுந்தனும் கழிமுகத்தில் வலை போடுகிறவர்கள். ஆராய்ச்சிக்கு அவளிடம்தான் நான் மீன் வாங்குவேன். மீனை வாங்கி வயிற்றுக்குள் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போகும் ஒரே வாடிக்கை நான்தான் என்பதால் என்மேல் அவளுக்கு ஒரு இரக்கம் உண்டு. வீட்டில் ஏதோ கஷ்டம், அதனால்தான் இப்படி ஆகிவிட்டேன் என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்லியிருக்கிறாள்.

செய்தி பரவிய மூன்றாம் நாள் கஸ்தூரி பெண்களைத் திரட்டிக்கொண்டு எங்கள் ஆராய்ச்சி மையத்துக்கே வந்துவிட்டாள். விற்காத மீனைக் கூடையோடு கொண்டுவந்து வாசலில் வரிசையாக இறக்கிவைத்தார்கள். வெயில் ஏற ஏற எங்கள் கட்டடத்தின் மூன்று மாடிக்கும் விஷயம் புரிந்தது. வாடிக்கைக்காரர்கள் கூடையைப் பார்த்ததும் மூக்கைத் தொடாமல் மீசையைத் தொட்டுக்கொண்டு போகிறார்களாம். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், வீட்டில் அடுப்பு எரிவதே மடவையில்தான், யார் இதைக் கிளப்பிவிட்டார்களோ அவர்களே வந்து அணைக்க வேண்டும் என்றாள். எங்கள் தலைவர் பின்வாசல் வழியாக வெளியே போவதற்கு முன் காவலாளியிடம் ஒரு வாக்குறுதி கொடுத்தனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை குப்பத்துச் சமுதாயக்கூடத்துக்கு ஒரு நிபுணர் வந்து விளக்கம் சொல்வார் என்று.

நிபுணர் அவர்தான் என்று நாங்கள் நினைத்தோம். சனிக்கிழமை அவருக்கு வயிறு சரியில்லாமல் போய்விட்டது. அவர் வயிறு எப்போதும் சமயம் பார்த்துத்தான் கெடும்.

போனில் பேசும்போது அவர் குரல் நன்றாகவே இருந்தது. மீன் நல்ல மீன், தாராளமாகச் சாப்பிடலாம் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுங்கள், முடிந்தால் ஒரு துண்டை எல்லார் முன்னாலும் சாப்பிட்டுக் காட்டுங்கள் என்றார். அவர் வைத்த கொஞ்ச நேரத்தில் இன்னொரு போன். ஆற்றோரத்தில் ஒரு ரசாயன ஆலை இருந்தது. பெயர் வேண்டாம். அதன் மக்கள் தொடர்பு அதிகாரி பேசினார். மீனவ மக்களின் வாழ்வாதாரம் பாதிக்கப்படுவதைத் தங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றும், தாங்களே தொலைக்காட்சிக்காரர்களை அழைத்துவருவதாகவும் சொன்னார். மூன்றாவதாக ஒரு நிருபர். இளம்பெண், கோபக்காரி, நல்லவள். ஆறு செத்துவிட்டது என்று நீங்கள் சொன்னால் போதும் மேடம், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

ஆளுக்கு ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தார்கள். என் வாயைத்தான் எல்லாரும் கேட்டார்கள்.

ஞாயிறு காலை யூசுப்பையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் வழக்கம்போலக் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. இரண்டு லாரிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ஆட்டோ நகரவே இல்லை. யூசுப் வழியெல்லாம் தன் மச்சானைத் திட்டிக்கொண்டே வந்தார். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அவருக்கு நல்ல அடர்த்தியான மீசை.

"அந்த மீனாராய்ச்சிக்காரங்க நீங்கதானா? மெய்யாலுமே மீசை உதிருமாம்மா?" என்றார்.

"உதிராது."

"அப்ப துன்லாம்னு சொல்லு."

"அது வேற கேள்விங்க."

"இன்னாம்மா, ரெண்டும் ஒண்ணுதானே" என்று அவர் சலித்துக்கொண்டார். லாரி நகர்ந்தது, அவரும் கியரைப் போட்டார். நான் யூசுப்பைப் பார்த்தேன், யூசுப் என்னைப் பார்த்தார். இரண்டும் ஒன்றில்லை என்பதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தானாக வந்தது. ஆனால் சனிக்கிழமை முழுக்க என்னைப் படுத்தியெடுத்த சிக்கல் அதில்தான் இருந்தது. ஒரு கேள்வி மாதிரி வந்து நின்றாலும் உண்மையில் அவை மூன்று. இந்த மீனைத் தின்றால் ஆண் பெண்ணாகிவிடுவானா என்பது ஒன்று. இந்த மீனின் சதையில் உடம்புக்குக் கெடுதலான ஏதாவது இருக்கிறதா என்பது இன்னொன்று. மீனுக்கு என்ன ஆகிறது என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். இரண்டாவதை நான் சோதித்துப் பார்த்ததே இல்லை. மூன்றாவதில் பாதிதான் தெரியும். மூன்றையும் ஒரே 'ஆமாம்' அல்லது ஒரே 'இல்லை'யில் போட்டு மூடச் சொல்லித்தான் எல்லாரும் என்னை நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

கூடத்தில் உட்கார இடமில்லை. பெண்கள் தரையில், ஆண்கள் சுவரோரம். முன்னால் ஒரு மேஜை, அதன்மேல் பெரிய அலுமினியத் தட்டில் மடவை வறுவல். கஸ்தூரியே வறுத்திருக்கிறாள் என்று மணத்திலேயே தெரிந்தது. காலையில் நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இந்தக் கதையில் இதுவும் முக்கியம், குறித்துக்கொள்ளுங்கள். பசியோடு பொதுக்கூட்டத்துக்குப் போகாதீர்கள்.

கஸ்தூரி எழுந்து பேச்சைச் சுருக்கமாக முடித்தாள். "நீ படிச்சவ, வளவளன்னு பேசிக்கினு இருப்ப. அதெல்லாம் வாணாம் டாக்டரம்மா. ஒரு துண்டு எடுத்து வாயில வெய்யி. டிவில காட்டட்டும். எங்க பேஜாரு தீந்துரும்."

கேமரா என் விரலுக்கு வந்தது. ஆலை அதிகாரி எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். முகமெல்லாம் சிரிப்பாகத் தட்டை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார். நீங்களும் ஒரு துண்டு எடுங்களேன் என்றேன். தான் பரம்பரையாகச் சைவம் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, தட்டிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிருபர்ப் பெண் எதிரில் நின்று, எடுத்துவிடாதீர்கள் என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் மண்டைக்குள் எவ்வளவு சத்தம் என்று சொல்ல முடியாது. தின்றால், நாளைக்கு ஆலை வாசலில் என் படம் தொங்கும். தின்னாவிட்டால், ஆராய்ச்சியாளரே தொடப் பயந்தார் என்று வரும், கஸ்தூரியின் கூடை அப்படியே மூடிக்கிடக்கும். நான் தட்டைக் கையில் எடுத்தேன். தட்டில் துண்டுகளோடு சினையும் வறுத்துவைத்திருந்தாள். அதில் ஒன்றை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தேன்.

சினை வறுவல் யாருக்கெல்லாம் பிடிக்கும் என்று கேட்டேன். சுவரோரம் நின்ற ஆண்களில் முக்கால்வாசிப் பேர் கையைத் தூக்கினார்கள். வீட்டில் சினையை யார் எடுத்துக்கொள்வது என்று பெண்களைக் கேட்டேன். வேறு யார், அந்த மனுஷன்தான், பிள்ளைகளுக்குக்கூட வைக்க மாட்டான் என்று ஒரு குரல் வந்தது. சரி, இது என்ன என்றேன். முட்டை. பெண் மீனின் முட்டை. நாங்கள் ஆண் மீனுக்குள் கண்டது கண்ணுக்கே தெரியாத நாலைந்து முட்டை. நீங்கள் சின்ன வயதிலிருந்து ஒரு கடிக்கு ஆயிரக்கணக்கில் தின்றுகொண்டிருக்கிறீர்கள். உங்களில் யாருக்காவது இதுவரை மசக்கை வந்திருக்கிறதா?

முதலில் கஸ்தூரிதான் சிரித்தாள். அப்புறம் கூடமே சிரித்தது. ஒரு பெரியவர் தன் மீசையை முறுக்கிவிட்டு, தனக்கு மூன்று நாளாக வாய் புளிப்பாகத்தான் கேட்கிறது என்று சொல்லவே, கேமராவைப் பிடித்திருந்த பையன்கூடக் குலுங்கினான். அந்தப் புரளி அந்த இடத்தில் செத்தது. வதந்தியை ஆதாரம் காட்டி அடக்குவதைவிடச் சிரிக்கவைத்து அனுப்புவது சுலபம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஆனால் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது அடுத்ததைச் சொல்வதுதான் கஷ்டம். சிரிப்போடு இறங்கிப் போய்விடலாம் என்று காலெல்லாம் சொன்னது.

நான் சினையைத் தட்டில் திரும்ப வைத்தேன். மீசை உதிராது, அது எனக்கு நிச்சயம் என்றேன். ஆனால் இந்தச் சதையில் உடம்புக்கு ஆகாதது ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. அதை நான் சோதிக்கவில்லை. நான் இப்போது ஒரு துண்டு தின்று நாளைக்கும் உயிரோடு இருந்தால், எனக்குப் பசித்தது என்பதைத் தவிர வேறு எதுவும் நிரூபணமாகாது. அதனால் கேமராவுக்காகத் தின்ன மாட்டேன். சதையைச் சோதிக்க வேறு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறேன். ஒரு பருவம் முழுக்க நீங்கள் எனக்கு மீன் கொடுங்கள், எந்த இடத்தில் பிடித்தது என்பதையும் சொல்லுங்கள். என்ன தெரிகிறதோ, நல்லதோ கெட்டதோ, முதலில் உங்களிடம் வந்து சொல்கிறேன். பிறகுதான் மற்றவர்களுக்கு.

சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. ஆலை அதிகாரி இதற்குள் எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். மேடமே சொல்லிவிட்டார்கள், மீனால் எந்தப் பாதிப்பும் இல்லை, ஆற்றைப் பற்றிக் கிளப்பிவிட்டதெல்லாம் புரளி என்று இப்போது தெளிவாகிவிட்டது என்று ஆரம்பித்தார். நான் அவர் கையிலிருந்து அதைக் கொஞ்சம் வலுவாகவே வாங்க வேண்டியிருந்தது.

"மீசையைப் பத்தித்தான் சார் சொன்னேன். ஆத்தைப் பத்தி இன்னும் வாயே திறக்கலை" என்றேன்.

மறுநாள் செய்தியில் வந்தது அந்த ஒரு வரிதான். தலைவருக்கு வயிறு உடனே சரியாகிவிட்டது. என்னைக் கூப்பிட்டு, ஒரு துண்டு மீன் தின்பதில் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கஸ்தூரிக்கும் என்மேல் வருத்தம்தான். பாதி அணைத்துவிட்டுப் பாதியை அப்படியே விட்டுவிட்டாய் என்றாள். வியாபாரம் திரும்பியது, ஆனால் முழுசாக இல்லை. மார்க்கெட்டில் அவளைப் பார்க்கும் போதெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மீனை மட்டும் நிறுத்தாமல் கொடுத்தாள். இது முகத்துவாரத்தில் பிடித்தது, இது ஆலைப் பைப்புப் பக்கம், இது பாலத்தடி என்று பிரித்துப் பிரித்துப் பையில் போட்டு நீட்டுவாள். ஒப்பிட்டுப் பார்க்க அழுக்கில்லாத இடத்து மீன் வேண்டும் என்று பழவேற்காட்டுக்கு யூசுப்பை அனுப்பினேன். பிராயச்சித்தம் மாதிரி அவரே வாராவாரம் பஸ்ஸில் போய் மீன் வாங்கி வந்தார். அந்தப் பருவம் முழுக்க அவர் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை.

பருவம் முடிந்தது. பதில் வந்தது. ஆலைப் பைப்பின் கழிவுநீர் விழும் இடத்துப் பக்கத்தில் பிடித்த ஆண் மீன்களில், நன்றாக வளர்ந்தவற்றில்கூட முட்டை இருந்தது. இளசு என்று சாக்குச் சொல்ல முடியாது. கடல் வந்து போகும் முகத்துவாரத்தில் அபூர்வமாகத்தான். பழவேற்காட்டில் தேடித்தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. சதைச் சோதனையும் அதே கதையைச் சொன்னது. பைப்புப் பக்கத்து மீனில் உலோகம் இருக்க வேண்டிய அளவைத் தாண்டியிருந்தது. மற்ற இடத்து மீனில் வரம்புக்குள்.

தலைவர் இதை மேலிடத்துக்கு அனுப்பலாம், பதில் வரும்வரை பேசாமல் இருப்போம் என்றார். அனுப்புங்கள் சார் என்றேன். ஆனால் முதலில் உங்களிடம் வந்து சொல்கிறேன் என்று ஒரு கூடம் நிறைய ஆட்களிடம் நான் சொல்லியிருந்தேன். நீங்கள் நாளைக்குப் பெரிய பதவிக்கு வரும்போது உங்களுக்கும் இந்த இடம் வரும். அப்போது விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. நான் அன்றைக்கு மதியமே யூசுப்போடு எண்ணூருக்குப் போனேன்.

கஸ்தூரி வீட்டு வாசலில் அவள் வீட்டுக்காரரும் கொழுந்தனும் வலையைப் பிரித்துப் போட்டு ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பைப்புப் பக்கத்தில் பிடிக்கும் மீனை விற்காமல் இருப்பது நல்லது, மற்ற இடத்து மீனில் இப்போதைக்குப் பயமில்லை. கொழுந்தன் கையிலிருந்த ஊசியைத் தரையில் எறிந்தான். பைப்புப் பக்கம்தான் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், மீன் அங்கேதான் கூடும், அதையும் விட்டுவிட்டுத் தாங்கள் எங்கே போவது என்றான். ஆலைக்காரனை விட்டுவிட்டு எங்களிடம் பிடிக்காதே என்று சொல்ல வந்துவிட்டாயா, எழுந்து போ என்றான். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன், எழுவதற்கு ஒன்றும் இல்லை. அவன் சொன்னதில் தப்பும் இல்லை. போகலாம் என்று யூசுப் என் கைப்பையின் வாரை லேசாக இழுத்தார்.

கஸ்தூரி உள்ளே போனாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து என் எதிரில் போட்டாள்.

"அன்னிக்குத் தெரியாதுன்ன. இன்னிக்குத் தெரிஞ்சிக்கினு வந்துகீற. செரி, குந்து" என்றாள்.

உட்கார்ந்தேன். அதற்கப்புறம் அவள் கேட்ட கேள்விகளுக்கு வியர்த்தது போல என் முனைவர் பட்டத் தேர்வில்கூட எனக்கு வியர்த்ததில்லை. பைப்பிலிருந்து எவ்வளவு தூரம் வரை, மழைத் தண்ணீர் வந்தால் மாறுமா, இறாலுக்கும் இதுதானா. தெரிந்ததைச் சொன்னேன். இறாலைப் பற்றித் தெரியாது என்றேன். அதற்கு அவள் முறைத்தாள், ஆனால் நாற்காலியைப் பிடுங்கவில்லை. அப்படியே வெறும் வயிற்றோடு அனுப்பவும் இல்லை. முகத்துவாரத்து மடவையில் வைத்த குழம்பு, சோறு. எந்தக் கேமராவும் இல்லாமல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். யூசுப் மூன்று தடவை.

இதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் அறிக்கை மேலிடத்தில் எந்த மேஜையில் தூங்கியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் கஸ்தூரி தன் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பைப்புப் பக்கத்து மீனை விற்பதில்லை என்று பெண்கள் எல்லாரும் பேசி முடிவெடுத்தார்கள். கொழுந்தனைச் சம்மதிக்கவைக்க வீட்டில் இரண்டு நாள் சண்டை நடந்ததாம். எடுத்த முடிவையும் கூவி விற்காமல் விட்டால் அவள் கஸ்தூரி இல்லை. ஒரு காலை நான் மார்க்கெட்டுக்குள் நுழையும்போதே அவள் குரல் கேட்டது.

"மொகத்துவாரத்து மடவே! பைப்பாண்ட புடிச்சது இல்ல! பாத்து வாங்கு, கேட்டு வாங்கு, பைப்பாண்ட புடிச்சது இல்ல!"

பக்கத்துக் கடைகளும் பிடித்துக்கொண்டன. ராயபுரம் வரைக்கும் அந்தக் கூவல் போனது. இதைக் கேட்கிற வாடிக்கைக்காரர் சும்மா இருப்பாரா? மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, எந்தப் பைப்பு என்று கேட்பார். கஸ்தூரி ஆலைப் பெயரை, அது இருக்கும் இடத்தை, பைப்பின் நிறத்தைக்கூடச் சொல்லி, எடையும் போட்டுக் கொடுப்பாள். கொஞ்ச நாளில் சாத்தாங்காட்டில் இரும்பு வாங்க வருகிறவர்கள் எல்லாம் என் கணவரிடம் அந்தப் பைப்பைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கேட்கிறவர்களில் யாரோ ஒருவர் அதிகாரியாக இருந்திருக்க வேண்டும். சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள், தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள், அதற்கப்புறம் ஆலைக்குள் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டி கட்டும் வேலை ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில் மக்கள் தொடர்பு அதிகாரி எனக்குப் போன் செய்தார். குரலில் பழைய சிரிப்பு இல்லை. அந்தப் பெண்மணி மார்க்கெட்டில் தங்கள் நிறுவனத்தின் பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார், உங்களுக்குப் பழக்கமானவர், கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா என்றார். என் துறை மீன்களின் இனப்பெருக்கம் சார், விற்பனை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். இது ஒன்றுதான் நான் அவரிடம் தயார் செய்துவைத்துச் சொன்ன பதில்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். தொட்டியைக் கட்டி முடித்துவிட்டார்கள், பைப்பில் வரும் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கிறது. போன மாதம் மடவை வாங்கப் போனபோது கஸ்தூரி இன்னும் அதே கூவலைத்தான் கூவிக்கொண்டிருந்தாள். பைப்பைச் சுத்தம் செய்துவிட்டார்களாமே, இனிமேல் நிறுத்திக்கொள்ளலாமே என்றேன்.

"நீ பாத்தியா?" என்று கேட்டாள்.

நான் வேலையை விட்டு வந்துவிட்டேன், பார்ப்பதற்கு இப்போது புதிதாகச் சின்னவர்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்றேன். அவள் சினையோடு ஒரு மீனைத் தேடி எடுத்து என் பையில் போட்டாள்.

"அப்ப அவங்க பாத்துட்டு வந்து சொல்ற வரைக்கும் கத்துவேன்."

மார்க்கெட்டில் அவளைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, வாசலிலேயே குரல் கேட்கும். போகும்போது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். எதுவும் தெரிவதற்கு முன்னால் போனாலும் பரவாயில்லை, தெரியாது என்றே சொல்லுங்கள். அவள் முறைப்பாள், பயப்படாதீர்கள். பருவம் தொடங்கியதும் பைப்புப் பக்கத்து ஆண் மீன்களை அவசரப்படாமல் பாருங்கள்.